வீட்டுக் குறுந்தகடு இயக்கி: பொருத்துவதும் பயன்படுத்துவதும்

குறுந்தகடு இயக்கி அல்லது சிடி பிளேயர் என்பது, வட்டமான தகட்டில் எண்களாகப் பதிந்துள்ள ஒலியை லேசர் ஒளியால் படித்து மீண்டும் ஒலியாக்கித் தரும் மின்னணுக் கருவியாகும். தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு என்றும், இலங்கையில் இறுவட்டு என்றும் இத்தகட்டைக் குறிப்பிடுகின்றனர். பேச்சில் எல்லோருக்கும் அது சிடிதான்.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் இணைந்து 1980-இல் இதற்கான தரத்தை வகுத்தன. அத்தரத்தை விளக்கும் ஏடு அதன் அட்டையின் நிறத்தால் 'சிவப்பு நூல்' எனப் பெயர் பெற்றது. விற்பனைக்கு வந்த முதல் இயக்கி சோனியின் சிடிபி-101. அது 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் வெளியானது.

இன்று பாட்டுக் கேட்கக் கைப்பேசியே போதும் என்று இருக்கிறது. ஆனாலும் பல வீடுகளின் அலமாரியில் கச்சேரி, பட்டிமன்றம், திருமணம், அரங்கேற்றம் என்று எழுதிய தகடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இணையத்தில் எங்கும் இல்லாதவை. அந்தத் தகட்டைப் போட்டுக் கேட்க ஒரு கருவியும், அதைச் சரியாகக் கையாளும் பழக்கமும் வேண்டும் என்பதால்தான் இக்கட்டுரை.

தகட்டில் ஒலி இருக்கும் இடம்

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பெரும்பாலான விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

குறுந்தகட்டின் விட்டம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ. அதன் உடல் பாலிகார்பனேட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஒரே நீண்ட சுருளாக அமைந்துள்ளன. அவற்றின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் ஒரு மெருகுப் பூச்சு, அதன்மேல் நாம் படிக்கும் எழுத்தும் படமும். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஏறத்தாழ நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும்.

லேசர் ஒளி கீழிருந்து வந்து பிளாஸ்டிக்கைக் கடந்து பள்ளங்களைத் தொடுகிறது. சமதளத்திலிருந்து ஒளி நன்றாகத் திரும்புகிறது. பள்ளத்திலிருந்து குறைவாகத் திரும்புகிறது. இந்த வேறுபாட்டைக் கருவி ஒன்று, சுழியம் என எண்களாக்கிக்கொள்கிறது. இடம், வலம் ஆகிய ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். அதாவது ஒலியின் அளவை 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது.

ஊசி இசைத்தட்டைப் போல இங்கே எதுவும் தகட்டைத் தொடுவதில்லை. ஆயிரம் முறை கேட்டாலும் கேட்பதால் தகடு தேயாது. தகட்டைக் கெடுப்பவை நம் விரல், வெயில், சூடு, தவறான துடைப்பு ஆகியவைதான்.

மாணவர்களிடம் நான் பலமுறை கேட்ட கேள்வி ஒன்று உண்டு: தகட்டின் எந்தப் பக்கத்தில் கீறல் பட்டால் ஆபத்து அதிகம்? எல்லோரும் பளபளப்பான பக்கம் என்றே சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பளபளப்பான பக்கத்தில் பதிவுக்குக் காவலாக ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. அங்கே விழும் சிறு கீறலும் தூசியும் லேசருக்குக் குவியத்துக்கு வெளியே மங்கலாகத்தான் தெரியும். மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய தூசி நாம் புத்தகம் படிப்பதைத் தடுக்காதது போல. எழுத்துள்ள பக்கத்திலோ பதிவுக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு மெருகுப் பூச்சு மட்டுமே. அங்கே ஆழமாகக் கீறினால் அலுமினியமே உரிந்து வந்துவிடும். எழுத்துப் பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்க்கிறோமே தவிர, அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

வைக்கும் இடமும் மின்சாரமும்

இயக்கியைச் சமமான, அசையாத பரப்பில் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைப்பது கூடாது. அதன் அதிர்வு லேசரைத் தடம் மாறச் செய்யும். சூடாகும் ஆம்ப்ளிஃபையரின் மேல் அடுக்குவதும் நல்லதல்ல. சூடு லேசரின் ஆயுளைக் குறைக்கும். மேலேயும் பக்கங்களிலும் நான்கு விரல் இடைவெளியாவது விட்டால் காற்றோட்டம் இருக்கும். வானொலிப் பெட்டிக்குப் பூத்துணி போர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூசிக்கு அது நல்லதுதான். கருவி ஓடும்போது மட்டும் எடுத்துவிட வேண்டும்.

சில இயக்கிகளில், எடுத்துச் செல்லும்போது லேசர் பகுதி ஆடாமலிருக்க அடிப்புறத்தில் பூட்டுத் திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றாமல் தகட்டைப் போட்டால் கருவி படிக்காது. அதைக் கழற்றி ஒரு உறையிலிட்டுக் கருவியின் பின்புறத்திலேயே ஒட்டி வைத்தால், வீடு மாறும்போது தேட வேண்டியிருக்காது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை மிகவும் முக்கியம். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்; அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவியை, பிளக்கை மட்டும் மாற்றி இங்கே நேராகச் செருகினால், அது ஒரு நொடியில் புகைந்துவிடும். கருவியின் பின்புறத் தகட்டில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவை முதலில் படிக்க வேண்டும். 110/220 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் செருகும் முன்பே அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். இல்லையேல், அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கருவியின் தேவைக்கேற்ற வாட் அளவில் வாங்க வேண்டும். மின்னோட்டத்தின் அலைவெண் 50 ஆனாலும் 60 ஆனாலும் பாட்டின் வேகம் மாறாது. தகடு சுழலும் வேகத்தைக் கருவிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது.

மின்சாரம் நின்றுபோனால் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சற்று நிலைத்த பிறகு போடுவது நல்லது. டிரே வெளியே நீட்டிய நிலையில் மின்சாரம் போய்விட்டால் அதைக் கையால் தள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையும்.

இணைப்பு

இயக்கியின் பின்புறத்தில் வெள்ளை, சிவப்பு என இரண்டு துளைகள் இருக்கும். வெள்ளை இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். இரண்டு முனையிலும் ஆர்சிஏ பிளக் உள்ள கேபிளால் இவற்றை ஆம்ப்ளிஃபையரின் 'சிடி' அல்லது 'ஆக்ஸ்' என்று குறித்த துளைகளில் இணைக்க வேண்டும். இணைக்கும்போது எல்லாக் கருவிகளும் அணைந்திருக்க வேண்டும்.

பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'ஃபோனோ' என்று ஒரு துளை இருக்கும். காலியாக இருக்கிறதே என்று அதில் செருகிவிடுகிறார்கள். அது ஊசி இசைத்தட்டுக்கு உரியது. இசைத்தட்டு ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கி, கீழ்ச்சுருதியைக் கூட்டித் தரும் சுற்று அங்கே இருக்கிறது. சிடி இயக்கியின் வெளியீடோ உச்சத்தில் 2 வோல்ட் வரை போகும். விளைவு, கரகரவென்ற பேரிரைச்சல்; ஸ்பீக்கரும் கிழியலாம்.

சில இயக்கிகளில் எண்முறை வெளியீடும் உண்டு. ஒன்று செம்பு கேபிளுக்கான கோஆக்சியல், மற்றொன்று ஒளி இழைக்கான ஆப்டிகல். புதிய தொலைக்காட்சி அல்லது சவுண்ட்பாரில் இதே துளை இருக்கிறதே என்று அவசரப்படக் கூடாது. தொலைக்காட்சியில் இருப்பது பெரும்பாலும் வெளியீடு, உள்ளீடு அல்ல. 'இன்', 'அவுட்' என்ற எழுத்துகளைப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஒளி இழையின் நுனியில் இருக்கும் சிறு தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டு, கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் உண்டு.

ஸ்பீக்கர் வயர்களில் சிவப்பு முனை சிவப்புக்கும் கருப்பு முனை கருப்புக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் பாட்டுக் கேட்கும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து, பாடகர் எங்கிருந்து பாடுகிறார் என்றே தெரியாது. இரண்டு ஸ்பீக்கரையும் அருகருகே வைத்துக் கேட்டால் வேறுபாடு உடனே புலப்படும்.

இயக்கும் முறை

முதலில் ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவை முற்றிலும் குறைத்துவிட்டு இயக்கியைப் போட வேண்டும். தகட்டை விளிம்பாலும் நடுத்துளையாலும் பிடித்து, எழுத்துப் பக்கம் மேலே இருக்குமாறு டிரேயின் பள்ளத்தில் சரியாகப் படியவைத்து, மூடும் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே போனதும் கருவி சில நொடிகள் யோசிப்பது போலத் தோன்றும். அப்போது அது தகட்டின் உள்வட்டத்தில் இருக்கும் பொருளடக்கத்தைப் படிக்கிறது. ஆம், இசைத்தட்டுக்கு மாறாக இங்கே பதிவு உள்ளிருந்து தொடங்கி வெளியே போகிறது. படித்து முடித்ததும் திரையில் மொத்தப் பாடல்களின் எண்ணிக்கையும் மொத்த நேரமும் தெரியும். இந்த இரண்டு எண்களும் வந்துவிட்டால் தகடும் கருவியும் ஓரளவு நலமாக இருக்கின்றன என்று கொள்ளலாம்.

பிளே, ஸ்டாப், அடுத்தது, முந்தையது ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. 'பாஸ்' மட்டும் கவனிக்க வேண்டியது. அதை அழுத்தினால் ஒலி நிற்கும். தகடு சுழன்றுகொண்டே இருக்கும், லேசரும் எரிந்துகொண்டே இருக்கும். சமையலறைக்குப் போய்வர அது போதும். சாப்பிட உட்கார்ந்தால் ஸ்டாப் அழுத்துவதே முறை.

இசை கற்கும் மாணவர்களுக்கு 'ஏ-பி ரிப்பீட்' என்ற பொத்தான் பெரிய உதவி. ஒரு சங்கதி தொடங்கும் இடத்தில் ஒருமுறை, முடியும் இடத்தில் ஒருமுறை அழுத்தினால், அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். இந்த வசதி எல்லா இயக்கிகளிலும் இல்லை. வாங்கும்போது கேட்டு வாங்கலாம். 'புரோகிராம்' பொத்தானால் விரும்பிய பாடல்களை விரும்பிய வரிசையில் அடுக்கலாம். 'ஷஃபிள்' போட்டால் வரிசை கலையும். கச்சேரித் தகட்டில் அதைப் போட்டு, வர்ணத்துக்கு முன் மங்களம் வந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம்.

எல்லா வட்டத் தகடும் இதில் ஓடாது. டிவிடி ஓடவே ஓடாது. கடைகளில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்பி3 தகடுகள் பார்க்கக் குறுந்தகடு போலவே இருந்தாலும், அவற்றில் இருப்பவை கணினிக் கோப்புகள். கருவியின் முகப்பில் எம்பி3 என்ற குறி இல்லையென்றால், திரையில் ஒரே ஒரு பாடல் எண் தெரியும், ஒலி வராது. மாறாக, பழைய டிவிடி பிளேயர் வீட்டில் இருந்தால் அதுவே இசைக் குறுந்தகட்டையும் படித்துவிடும். தனியாக ஒன்று வாங்கும் முன் பரணில் தேடிப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

வீட்டில் எழுதிய தகடுகள்

கடையில் வாங்கும் இசைத்தகடு அச்சுத் தகடு. அதன் பள்ளங்கள் வார்ப்பில் அழுத்தி உண்டாக்கப்பட்டவை. கணினியில் நாம் எழுதும் சிடி-ஆர் தகட்டில் பள்ளம் எதுவும் இல்லை. ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும் லேசர் அதை ஆங்காங்கே சுட்டுக் கருக்குகிறது. அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தங்க நிறமாகவோ தெரிவது இந்தச் சாயத்தாலும் அதன் பின்னுள்ள உலோகப் பூச்சாலும்தான். சாயம் என்றால் வெளுக்கும். வெயிலும் சூடும் ஈரமும் அதன் பகைவர்கள்.

நான் பணியாற்றிய பள்ளியில் இசை ஆசிரியை ஒருவர் ஓய்வு பெற்ற நாளில் பாடியதைப் பதிவு செய்து இரண்டு தகடுகளில் எழுதினோம். ஒன்றுக்கு அழகாகத் தாள் ஒட்டி, பெயரெழுதி, ஜன்னலோர அலமாரியில் வைத்தோம். மாலை வெயில் நேராக விழும் இடம் அது. மற்றொன்றை ஒரு மாணவி கேட்டு வாங்கிப் போனாள். சில ஆண்டுகள் கழித்து அந்த ஆசிரியை மறைந்த செய்தி வந்தபோது தகட்டை எடுத்துப் போட்டோம். கருவி நெடுநேரம் சுழன்று 'நோ டிஸ்க்' என்று சொல்லிவிட்டது. ஒட்டிய தாள் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அந்த மாணவி தன் வீட்டுப் பீரோவில், துணிகளுக்கு அடியில் வைத்திருந்த தகடு ஒரு தடங்கலும் இல்லாமல் பாடியது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தகடுகள்; ஒரே நாளில் எழுதியவை.

ஆகவே சிடி-ஆர் தகட்டில் தாள் ஒட்டக் கூடாது. சற்றே மையம் தவறினாலும் தகடு ஆடும். பசை உரியும்போது பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் தவறு. மென்முனை மார்க்கரால், கூடுமானவரை நடுத்துளையைச் சுற்றியுள்ள பதிவில்லாத வளையத்தில் எழுதலாம். நிற்க வைத்த பெட்டியில், இருட்டான, வறண்ட, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்த தகட்டுக்கு ஒரு சித்திரை மாதம் போதும்.

இன்னொன்று, எழுதி முடித்தபின் கணினியில் 'ஃபைனலைஸ்' செய்யாத தகட்டை வீட்டு இயக்கி ஏற்காது. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ தகடு ஒளியை மிகக் குறைவாகவே திருப்பித் தருவதால் பழைய கருவிகள் பலவற்றுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

துடைப்பது

அடிக்கடி துடைக்க வேண்டியதில்லை. விரல் ரேகை, பிசுக்கு தெரிந்தால் மட்டும், பழகிய மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. பதிவில் பிழைகளைச் சரிசெய்யும் கணக்கு முறை ஒன்று உள்ளடங்கியிருக்கிறது. தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்துபோனாலும், அங்கே இருந்திருக்க வேண்டிய எண்களை அது மீட்டுவிடும். தடத்துக்குக் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிக்கும். தடத்தோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் ஒரே இடத்தில் நெடுநீளத்துக்கு அழித்துவிடும். அதை மீட்க எந்தக் கணக்காலும் ஆகாது.

பிசுக்கு போகவில்லையென்றால் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்து உலர விடலாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பாலிகார்பனேட்டை அரித்து வெண்மையாக்கிவிடும்.

படிக்க மறுத்தால்

கடைக்குத் தூக்கும் முன், நன்றாக ஓடும் என்று தெரிந்த அச்சுத் தகடு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடினால் பழுது தகட்டில். பாட்டுத் தாவுகிறது என்றால் எங்கே தாவுகிறது என்று திரையில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுமுறையும் அதே நொடியில் தாவினால் குற்றம் தகட்டுடையது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், எல்லாத் தகட்டிலும் தாவினால் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அச்சுத் தகடு ஓடி, சிடி-ஆர் மட்டும் ஒன்றுமே ஓடவில்லையென்றால் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். லேசர் வலுவிழந்திருக்கவும் கூடும்.

மழைக்காலத்தில் குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். மூக்குக் கண்ணாடி மங்குவது போலத்தான். தகடு இல்லாமல் கருவியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் தானாகவே தெளியும்.

லென்ஸைத் துடைக்க, சிறு தூரிகை பொருத்திய சுத்தத் தகடு கிடைக்கிறது; மாதக்கணக்கில் ஒருமுறை போதும். மூடியைக் கழற்றி விரலால் துடைக்க முயல வேண்டாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் வளைந்துவிடும். அதைவிட முக்கியமானது கண். இந்த லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். அகச்சிவப்பு ஒளி என்பதால் எரிவதே நமக்குச் சரியாகத் தெரியாது. மூடிய பெட்டிக்குள் அது முற்றிலும் பாதுகாப்பானது. திறந்து வைத்து உற்றுப் பார்ப்பது விழித்திரைக்கு ஆபத்து.

திக்கித் திக்கியாவது ஓடும் சிடி-ஆர் தகட்டை இனியும் கேட்டுக்கொண்டிராமல் உடனே கணினியில் நகலெடுக்க வேண்டும். யூஎஸ்பியில் இணைக்கும் வெளிப்புற டிரைவ் இதற்குப் போதும். கணினி, படிக்காத இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். வீட்டு இயக்கி அப்படிச் செய்வதில்லை. எம்பி3-ஆகச் சுருக்காமல் ஃபிளாக் அல்லது வேவ் வடிவில் சேமித்தால் ஒலியில் எதுவும் குறையாது. நகலை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். எடுத்து முடித்ததும் கடைசிப் பாடலின் கடைசி நிமிடத்தைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்; சிடி-ஆர் பெரும்பாலும் வெளிவிளிம்பிலிருந்துதான் கெடத் தொடங்குகிறது.